புகைப்புரையில் ஒரு கணினிப் பலகை: இரவு இரண்டு மணிக்கு வந்த 85 டிகிரி

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். விடிந்தும் விடியாமலும் மாமாவிடமிருந்து போன். ரப்பர் ஷீட்டைப் புகையில் உணக்கும் அவருடைய புகைப்புரையில், வெப்பத்தையும் தீயையும் கவனிக்க நான் ஒரு கணினிப் பெட்டி வைத்திருந்தேன்.

"மக்கா, ஒனக்க பெட்டி ராத்திரி ரெண்டு மணிக்குத் தீன்னு கத்துச்சு. நானும் மாமியும் ஆளுக்கொரு வாளித் தண்ணியத் தூக்கிட்டு மழையில ஓடுனோம். போய்ப் பாத்தா ஷீட்டு எல்லாம் அது பாட்டுக்குத் தொங்கிட்டுக் கெடக்கு. உள்ள போட்ட வெறகுகூட அணையப் போவுது."

அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. பதிவைத் திறந்து பார்த்தேன். 1 மணி 52 நிமிடத்துக்கு 51.25 டிகிரி. 53ஆவது நிமிடத்தில் மிகச் சரியாக 85.00. 54இல் 51.19. ஒரு நிமிடத்தில் முப்பத்து நாலு டிகிரி ஏறி அடுத்த நிமிடத்தில் அவ்வளவும் இறங்கும் தீ எங்கும் கிடையாது. போதாக்குறைக்கு, மதியத்துக்கு மேல் கேமராப் படம் திக்கித் திக்கி வருகிறது, இணைப்பு நாளுக்கு நாலு தடவை அறுந்துபோகிறது என்றும் மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான்தான் "மழைக்காலம் மாமா, அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்து வைத்திருந்தேன்.

மூன்று புகார். மூன்றுக்கும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தோண்டத் தோண்ட ஒன்றன் கீழ் இன்னொன்றாக வந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதற்காக வைத்தது

மாமாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் விளை. பாலை டிரேயில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் அடித்து ஷீட்டாக்கி, நீர் வடிந்தபின் புகைப்புரையில் கழிகளில் தொங்கவிடுவார்கள். அங்கே நாலைந்து நாள் புகையிலும் சூட்டிலும் உணங்கித்தான் ஷீட் தேன் நிறத்துக்கு வரும். முதல் நாள் நாற்பது டிகிரியை ஒட்டி வைத்து, பிறகு மெல்ல அறுபது வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் ஷீட்டில் குமிழ் விழும்; தரம் இறங்கும்; விலையும் இறங்கும். இன்னும் மேலே போனால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து விளையில் ஒருமுறை பார்த்துவிட்டோம். உணங்கிய ரப்பர் பிடித்துக்கொண்டால் வாளித் தண்ணீருக்கெல்லாம் அடங்காது.

ஆகவே வேண்டியது இரண்டு. உள்ளே வெப்பம் எவ்வளவு என்று வீட்டில் இருந்தபடியே தெரிய வேண்டும். அடுப்பு வாயில் தீ அளவு மீறினாலோ, வெப்பம் அறுபத்தைந்தைத் தாண்டினாலோ வீட்டில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். இதற்கு 2 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினிப் பலகை ஒன்று, டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சார் மூன்று, ஒரு யுஎஸ்பி கேமரா வைத்தேன். வெப்பம் படிப்பது மட்டும் என்றால் இவ்வளவு பெரிய பலகை தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு விலையில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். கேமராப் படத்தில் தீயின் பரப்பைக் கணக்கிடுவதற்குத்தான் வேகமான செயலி தேவைப்பட்டது.

பலகையின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூனில் வந்தது. நான்கு கோர்டெக்ஸ்-ஏ72 கோர்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ் (பிந்தைய பலகைகளில் 1.8 வரை போகும், என்னுடையது பழசு). கிகாபிட் ஈதர்நெட், இரு அலைவரிசை வைஃபை, இரண்டு யுஎஸ்பி 3, இரண்டு யுஎஸ்பி 2. மின்சாரம் யுஎஸ்பி-சி வழியே. அதற்கென்றே வரும் அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும். அந்த 0.1 வோல்ட் எதற்கு என்பது போகப் போகப் புரியும்.

நாகர்கோவில் மேசையில்

வைப்பதற்கு முன் சோதிக்காமல் இல்லை. நாகர்கோவிலில் என் மேசையில் இரண்டு நாள் ஓட்டினேன். ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சோதனை நிரல் கொண்டு நான்கு கோரையும் பத்து நிமிடம் முழு மூச்சில் ஓடவிட்டதில், மேலே ஒட்டிய சின்ன ஹீட்சிங்கோடு (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டு) 72 டிகிரியில் நின்றது. வேகம் 1500 மெகாஹெர்ட்ஸை விட்டு இறங்கவே இல்லை. இணைப்பு வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை வைத்துக் கம்பி வழி அளந்தால் நொடிக்கு 940 மெகாபிட். கிகாபிட் ஈதர்நெட்டில் எதிர்பார்க்கும் உச்சமே அதுதான். வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் தொண்ணூறுக்குப் பக்கம். என் தீ கண்டறியும் நிரல் நொடிக்கு 9 படம் பார்த்தது. நோட்டில் பெரிதாக "பாஸ்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. தடித்த குட்டை கேபிள், தலைக்கு மேல் ஃபேன், ரவுட்டருக்கும் பலகைக்கும் கை நீட்டும் தூரம். நான் சோதித்தது பலகையை. குலசேகரத்தில் வேலை செய்யப்போவது பலகை, அதன் கேபிள், அது மாட்டிய சுவர், நடுவில் நிற்கும் மரம் எல்லாம் சேர்ந்து. அதை யாரும் சோதிக்கவில்லை.

அங்கே நிலைமை இதுதான். புகைப்புரைச் சுவரை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு, அதில் பலகை. அடுத்து ரோலர் ஷெட்; பிளக் அங்கேதான். புகைப்புரைப் பக்கம் 230 வோல்ட் கம்பி வரக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சரியான பேச்சுதான். அதனால் ரோலர் ஷெட்டில் ஒரு போன் சார்ஜரை மாட்டி, இரண்டு மீட்டர் கேபிளும் ஒரு மீட்டர் நீட்டிப்புமாக 5 வோல்ட்டைச் சாய்ப்புக்குக் கொண்டு வந்தேன். வீடு முப்பத்தைந்து மீட்டர் தள்ளி. நடுவில் இரண்டு வரிசை ரப்பர் மரம்.

50005

போனதும் முதலில் எதையும் கழற்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பலகையிடம், நீ எப்போதாவது வேகத்தைக் குறைத்துக்கொண்டாயா என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். ராஸ்பெர்ரி பையில் இது தயாராகவே இருக்கிறது. ஹெக்ஸில், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் வந்தால் எல்லாம் சுகம். எனக்கு வந்தது 50005.

இதைப் படிப்பது எளிது. கடைசி 5 என்றால் இந்த நொடியில் மின்னழுத்தம் குறைவு, இந்த நொடியில் வேகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டு பிட்டும் எரிகின்றன. முன்னால் உள்ள 5, அதே இரண்டும் பலகையை இயக்கிய நேரத்திலிருந்து ஒரு முறையாவது நடந்திருக்கின்றன என்று சொல்கிறது. அந்த முன்பாதி, பலகையை மறுபடி துவக்கும் வரை அழியாது. ஆகவே யாராவது "நான் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னால், அந்த எண்ணின் முன்பாதியைக் கேட்டால் போதும்.

பலகைக்குள் 4.63 வோல்ட்டுக்குக் கீழ் போனால் குறை அழுத்தம் என்று கணக்கு. மல்டிமீட்டரை எடுத்து பலகையின் ஜிபிஐஓ என்ற முனை வரிசையில் 5 வோல்ட் முனைக்கும் எர்த்துக்கும் வைத்தேன். நிரலை நிறுத்தினால் 4.81. ஓடவிட்டால் 4.52. சார்ஜர் முனையிலேயே அளந்தால் 5.08. அப்படியானால் அரை வோல்ட்டுக்கு மேல் கேபிள் விழுங்குகிறது.

கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. கேபிளின் உள்ளே 24 கேஜ் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு ஏறக்குறைய 0.084 ஓம். மூன்று மீட்டர் என்றாலும் மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே ஆறு மீட்டர்: அரை ஓம். பலகையும் கேமராவும் சேர்ந்து 1.1 ஆம்பியர் இழுத்தால் 0.55 வோல்ட் போயிற்று. சார்ஜர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதற்கான அடாப்டர் 5.1 தருவதும் இந்த இழப்புக்கு முன்கூட்டியே கொஞ்சம் கை தாராளம் காட்டத்தான், ஆனால் 0.1 வோல்ட் என்பது ஒன்றரை மீட்டர் தடித்த கேபிளுக்குச் சரியாக இருக்கும், என் கூத்துக்கு அல்ல.

அழுத்தம் விழுந்ததும் பலகை தன்னைக் காத்துக்கொள்ள 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. 1500க்கு 9 படம் என்றால் 600க்கு மூன்றரை. அங்கே நான் பார்த்ததும் அதுவே: நொடிக்கு 3, சில நேரம் 4. "ஸ்லோ"வாக இருக்கிறது என்று இயங்குதளத்தை மறுபடி ஏற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்குவது நல்லது.

சோதனைக்காக மட்டும் மாமாவிடம் கெஞ்சி, அரைமணி நேரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, குட்டை கேபிள் அடாப்டரை மாட்டினேன். மறுபடி துவக்கினேன். எண் பூஜ்யம். படம் 9. மாமி கருப்பட்டிக் காப்பி கொண்டு வந்தாள். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

நிரந்தர ஏற்பாட்டுக்கு, ரோலர் ஷெட்டில் 12 வோல்ட் அடாப்டர் வைத்து, ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் சாய்ப்புக்குக் கொண்டு வந்து, பலகைக்குப் பக்கத்திலேயே 5.1 வோல்ட்டாக இறக்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டேன். 12 வோல்ட்டில் அதே வேலைக்கு 0.6 ஆம்பியர்தான் ஓடும். வழியில் போவது 0.1 வோல்ட்டுக்குள். அப்படியே கொஞ்சம் போனாலும் கன்வெர்ட்டர் அதைப் பொருட்படுத்தாது. மாமாவின் நிபந்தனையும் மீறப்படவில்லை.

ஒரு கோளாறு இன்னொன்றை மூடிவைத்திருந்தது

மறுநாள் மதியம் மூன்று மணி. படம் 9லிருந்து 6க்கு வந்துவிட்டது. அழுத்தம் மீட்டரில் 5.04, அசையவில்லை. எண்ணை எடுத்தால் இந்த முறை எரிவது வேறு பிட்: சூட்டு வரம்பு. பலகையின் வெப்பம் 82.

இந்தப் பலகை 80 டிகிரியைத் தொட்டதும் கோர்களின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். 85இல் கிராபிக்ஸ் பகுதியையும் சேர்த்து இறக்கும். நேற்று வரை இது ஏன் தெரியவில்லை? 600 மெகாஹெர்ட்ஸில் முடங்கிக் கிடந்தபோது அது சூடாகவே வழியில்லை. 61இல் சொகுசாக இருந்தது. மின்சாரத்தைச் சரிசெய்து முழு வேகம் கொடுத்த பிறகுதான் உண்மையான சூடு வெளியே வந்தது. முதல் கோளாறு இரண்டாவதுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மின்சாரத்தையும் பெட்டியையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. எது எதைத் தீர்த்தது என்று கடைசிவரை ஊகம்தான்.

காரணம் மூன்று. மூடிய பிளாஸ்டிக் பெட்டி. மேலே தகரம். பின்னால் ஐம்பது டிகிரியில் நிற்கும் புகைப்புரையின் சுவர். சாய்ப்புக்குள் காற்றே 39 டிகிரி இருந்தது; நாகர்கோவில் மேசையைவிடப் பத்து டிகிரி கூடுதல். பலகையின் வெப்பம் சுற்றுப்புறத்தின் மேல்தான் ஏறும், எனவே அங்கே 72 என்றால் இங்கே 82. இந்தக் கழித்தலை மேசையிலேயே போட்டிருக்கலாம்.

ஃபேன் வைக்கலாமே என்று தம்பி கேட்டான். வைக்கவில்லை. புகைத்தாரும் கரித்தூளும் பறக்கிற இடத்தில் சின்ன ஃபேன் ஒரு சீசன் தாங்காது, நின்றுபோனாலும் சொல்லாது. தவிர, ரோலர் ஷெட்டில் ஃபார்மிக் ஆசிட் வாடை எப்போதும் உண்டு. ஃபேன் அதையும் இழுத்துக்கொண்டு வந்து பலகையின் செம்பின் மேல் ஊதும். முழு அலுமினியப் பெட்டியே ஹீட்சிங்காக இருக்கும் வகையில் ஒன்றை வாங்கி, பெட்டியைப் புகைப்புரைச் சுவரிலிருந்து எடுத்து, எதிர்ப்பக்க மரத்தூணில் நிமிர்த்தி மாட்டினேன். ஒன்றரை மீட்டர் இடமாற்றம். அடுத்த மதியம் 66.

வைஃபை

இணைப்பு அறுவதும் மின்சாரத்தோடு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. பாதி உண்மை. அழுத்தம் விழும்போது பலகை சில முறை தானாகவே மறுபடி துவங்கியிருந்தது. அந்த வகை அறுபடுதல் நின்றது. மற்றது நிற்கவில்லை.

இங்கே வேகத்தை அளப்பதில் பெரிய பிரயோசனம் இல்லை. நம் வேலைக்கு இரண்டு மெகாபிட் போதும். தீ மூண்ட நொடியில் செய்தி போய்ச் சேருமா என்பதே கேள்வி, ஆகவே அளக்க வேண்டியது தாமதமும் இழப்பும். ரவுட்டரில் கம்பி வழி இணைத்த லேப்டாப்பிலிருந்து பலகைக்கு ஆயிரம் பிங் ("இருக்கிறாயா" என்று கேட்டுப் பதில் வாங்கும் சின்னச் செய்தி) அனுப்பினேன். சராசரி 38 மில்லிநொடி. கேட்க நன்றாக இருக்கிறது. மிக மோசமானது 900க்கு மேல். 27 பதிலே வரவில்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

முதல் சந்தேகம் வைஃபையின் மின்சேமிப்பு. இந்தப் பலகையில் அது இயல்பாகவே இயங்கும். பேச்சு இல்லாதபோது ரேடியோ கண்ணயரும், கூப்பிட்டால் எழுந்து வர நேரம் எடுக்கும். ஒரே கட்டளையில் அணைக்கலாம். அணைத்ததும் சராசரி 7, மோசமானது 140. இழப்பு மட்டும் அப்படியே.

சிக்னலைப் பார்த்தால் மைனஸ் 76 டிபிஎம். இது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் பெருக்கப் பெருக்கப் பலம் குறைவு. வீடியோ ஒழுங்காக வர மைனஸ் 67க்கு மேல் இருந்தால் நல்லது. மழை நாளில் மைனஸ் 81க்கு இறங்கியது. மழைத்துளி இந்தத் தூரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒன்றும் செய்துவிடாது. நனைந்த இலைதான் செய்கிறது. ஒவ்வொரு இலையிலும் ஒரு படலம் தண்ணீர், அப்படி இரண்டு வரிசை மரம். அதோடு சாய்ப்பின் தகரம். 5 கிகாஹெர்ட்ஸ் இங்கே எடுபடாது. அது தடுப்பைக் கண்டால் இன்னும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

நடுவில் நானே ஒரு வினையை இழுத்து வைத்தேன். எஸ்டி கார்டை நம்பாமல், பதிவுகளை எழுத ஒரு எஸ்எஸ்டியை நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினேன். வைஃபை இன்னும் மோசம். இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்: யுஎஸ்பி 3இன் தரவு ஓட்டம் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழும் என்று 2012இல் இன்டெல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. தெரிந்தும் செய்தேன். கறுப்பு யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றியதும் பழைய நிலைக்கு வந்தது, பழைய மோசத்துக்கு.

அப்புறம் கம்பி இழுப்பது ஒன்றே வழி. ஈதர்நெட் கேபிள் நூறு மீட்டர் வரை போகும், முப்பத்தைந்து ஒன்றுமே இல்லை. ஆனாலும் செம்பை வேண்டாம் என்றேன். நம் மாவட்டத்தின் ஐப்பசி கார்த்திகை இடியைச் சொல்லவா வேண்டும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே முப்பத்தைந்து மீட்டர் செம்பு இழுத்தால், பக்கத்துத் தென்னையில் விழும் மின்னல்கூட அதில் அழுத்தத்தைத் தூண்டி இரு முனையிலும் உள்ளதைக் கருக்கிவிடும். ஒரு முனையில் பலகை, மறுமுனையில் வீட்டு ரவுட்டர்.

ஊரில் கேபிள் டிவி நடத்தும் அண்ணனிடம் மிச்சம் கிடந்த ஒற்றை இழை ஃபைபர் இருந்தது. மரத்தில் ஏறி இழுத்து, இரு முனையும் ஒட்டிக் கொடுத்தார். ஃபைபரிலிருந்து ஈதர்நெட்டுக்கு மாற்ற மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி. முதலில் வாங்கி வந்தது இரண்டும் ஏ வகை, விளக்கே எரியவில்லை. ஒற்றை இழையில் ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் கேட்க வேண்டும், மறுமுனை தலைகீழ். இரண்டும் ஒரே நிறத்தில் பேசினால் கேட்க ஆள் இல்லை. மார்த்தாண்டம் போய் ஒன்றை பி வகையாக மாற்றி வந்தேன். இன்னொரு விஷயம்: இந்த ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதை அப்படியே உள்ளே கொண்டு வந்தால் செம்பைத் தவிர்த்த பயனே போயிற்று. இரு முனையிலும் கட்டடத்துக்கு வெளியே கம்பத்தில் கட்டி, அங்கேயே நறுக்கிவிட்டோம். கண்ணாடி இழை மட்டும் உள்ளே வருகிறது.

ஐபெர்ஃப்3 இப்போது 94 மெகாபிட் காட்டியது, கன்வெர்ட்டர் நூறு மெகாபிட் வகை என்பதால். மேசையில் பார்த்த 940இல் பத்தில் ஒன்று. ஆயிரம் பிங்கில் இழப்பு இல்லை, மிக மோசமானது 2 மில்லிநொடி. எனக்கு இது அந்த 940ஐவிடப் பிடித்திருக்கிறது.

85

மின்சாரம் சரி, சூடு சரி, இணைப்பு சரி. அன்று இரவு 3 மணி 10 நிமிடத்துக்கு மறுபடி 85.00. இணைப்பு இப்போது அருமையாக இருந்ததால் பஸ்ஸரும் நொடி தாமதிக்காமல் அடித்தது. மாமா என்னை எழுப்பவில்லை. வாசலில் நின்று பார்த்த பார்வையே போதும்.

இதையும் குறை அழுத்தத்தின் கணக்கில் எழுதியிருந்தேன். தப்பு. பலகைக்கு வரும் 5 வோல்ட் 4.5க்கு இறங்கினாலும், சென்சாருக்குப் போகும் 3.3 வோல்ட்டைப் பலகை தனியாக உண்டாக்கிக்கொள்ளும். அது அவ்வளவு எளிதில் ஆடாது. காரணம் என் வயரிங்.

டிஎஸ்18பி20 சென்சாருக்கு மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் முதலில் இருக்கும் மதிப்பே 85 டிகிரி. அளவெடுத்து முடித்த பிறகுதான் உண்மையான எண் அந்த இடத்தில் வரும். அளக்கும் நடுவில் மின்சாரம் தடுமாறி அது மீண்டும் விழித்தால், அளவு நடக்கவே இல்லை, 85 மட்டும் மிஞ்சும். ஆகவே சரியாக 85.00 என்று வந்தால், பெரும்பாலும் சென்சார் "நான் இப்போதுதான் எழுந்தேன்" என்று சொல்கிறது.

சென்சாருக்கு மூன்று கம்பி. ஆனால் மின்கம்பியை விட்டுவிட்டு, தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி ஓடும்படி இரண்டு கம்பியிலும் இணைக்கலாம். வீட்டில் பழைய டெலிபோன் வயர் சுருள் கிடந்தது, இரண்டு கம்பி. சிக்கனம் பார்த்து அதைப் போட்டேன். அளக்கும் நேரத்தில் சென்சார் 1 மில்லிஆம்பியர், அதிகபட்சம் 1.5 வரை கேட்கும். தரவுக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் மின்தடை 4.7 கிலோஓம். 3.3 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.7 மில்லிஆம்பியருக்கு மேல் கிடைக்காது. கேட்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தும் முக்கால்வாசி நேரம் ஓடியதே ஆச்சரியம். மழை இரவுகளில் மூட்டுகளில் ஈரம் ஏறிக் கொஞ்சம் கசிந்தால், கூடுதலாக விழுகிறது. மேசையில் அரை மீட்டர் வயரோடு, மூன்று கம்பியில்தானே சோதித்தேன். ஒருமுறைகூட 85 வரவில்லை.

மூன்று கம்பி கேபிளுக்கு மாற்றி, மூட்டுகளைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன். நிரலிலும் ஒரு வேலை இருந்தது. 85 வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி எழுதுவது சுலபம், ஆனால் ஆபத்து. நிஜத் தீயும் 85ஐக் கடந்துதான் போகும். ஆகவே அறுபத்தைந்தைத் தாண்டிய எந்த அளவு வந்தாலும் உடனே இரண்டு நொடி இடைவெளியில் மூன்று முறை மறுபடி படிக்கும். மூன்றும் அறுபத்தைந்துக்கு மேலே இருந்தால் பஸ்ஸர். ஆறேழு நொடி தாமதம், தாங்கலாம்.

பலகை நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று வீட்டுப் பஸ்ஸருக்குச் சொல்லும்படியும் வைத்தேன். மூன்று நிமிடம் அந்தக் குரல் வரவில்லை என்றால் பஸ்ஸர் வேறு தாளத்தில், மெதுவாக அடிக்கும். தீ என்றால் ஓடலாம், இது என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

எஸ்டி கார்டைப் பற்றி ஒரு வரி

கார்டை வேகத்துக்காக வாங்கும்போது மேலே பெரிதாகப் போட்டிருக்கும் நொடிக்கு நூறு மெகாபைட்டைப் பார்க்க வேண்டாம். இயங்குதளம் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் படிக்கும், எழுதும். ஏ1 என்று அச்சிட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய படிப்பும் 500 சிதறிய எழுத்தும் உண்டு என்று பொருள். ஃபியோ என்ற சோதனை நிரல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ரப்பர்க் கிளை முறிந்து லைன் மேல் விழுந்து கரண்ட் போவது இங்கே மழைக்காலத்தில் சாதாரணம், ஆகவே கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, எழுத்தெல்லாம் எஸ்எஸ்டிக்குப் போகும்படி வைத்தேன்.

மறுபடி அளந்தது

எல்லாம் மாட்டிய இடத்திலேயே, உள்ளே ஷீட் தொங்க, அடுப்பு எரிய, 72 மணி நேரம் ஓட்டினேன். நொடிக்கு ஒரு பிங் என்று 2,59,200. இழந்தது 11. பலகையின் உச்ச வெப்பம் 69. நிரல் நொடிக்கு 9 படத்தை விட்டு இறங்கவில்லை. கட்டளை எண் தொடக்கம் முதல் பூஜ்யம். 85 ஒருமுறைகூட இல்லை.

பஸ்ஸர் அடிக்கவே அடிக்காமல் போய்விட்டதா என்றும் பார்க்க வேண்டுமே. மூன்றாம் நாள் சாயங்காலம் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்துப்போய் ஒரு சென்சாரை அதில் விட்டேன். எட்டு நொடியில் வீட்டில் அலறல். மாமாவிடம் சொல்லியிருந்தேன், மாமியிடம் சொல்ல மறந்துவிட்டேன். வாளியோடு பாதி வழி வந்துவிட்டாள்.

இன்னும் தீராதது கேமரா. பத்து நாளில் கண்ணாடியில் புகைத்தார் படிந்து படம் மஞ்சளடிக்கிறது, நிரலின் கண்ணுக்குத் தீ சிறுத்துத் தெரிகிறது. இப்போதைக்கு மாமா சனிக்கிழமைதோறும் துணியால் துடைக்கிறார். படத்தின் சராசரி வெளிச்சம் வாரம் முழுக்க எப்படி இறங்குகிறது என்று பதிந்துகொண்டிருக்கிறேன். எந்த அளவுக்குக் கீழே போனால் "கண்ணாடியைத் துடை" என்று மூன்றாவது தாளம் அடிக்கலாம் என்பதை அதிலிருந்து முடிவு செய்ய வேண்டும்.